தூங்கினால் கனக்கும்

சின்னச் சக்கரத்தில் குதித்துச் சாகசம் செய்கிற பி.எம்.எக்ஸ் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடையே ஒரு தீராத வழக்கு இருக்கிறது. வண்டியின் எடை முக்கியமா, ஓட்டுகிறவனின் எடை முக்கியமா? ஒரு கட்சி பெடலில் நூறு கிராம், அச்சில் ஐம்பது கிராம் என்று சுரண்டிச் சுரண்டிக் குறைத்துக்கொண்டே போகும். எதிர்க்கட்சி, காலையில் கொல்லைக்குப் போய்வந்தாலே குறைந்துவிடுகிற எடைக்கு எதற்கப்பா இத்தனை செலவு என்று கேட்கும். இரண்டாவது கட்சியிடம் கிண்டலும் கணக்கும் சேர்ந்திருப்பதால் பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கிறது. அந்தத் தீர்ப்பில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் வழக்கே வேறு மாதிரித் தெரிகிறது.

முதலில் எதிர்க்கட்சியின் கணக்கை மரியாதையாகக் கேட்டுவிடலாம். ஆள் 60 கிலோ, வண்டி 11 கிலோ, ஆக 71. வண்டியில் ஒரு கிலோவைக் குறைத்தால் மொத்தத்தில் குறைவது நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. மேடேறும்போது புவியீர்ப்பு அது யாருடைய கிலோ என்று விசாரிப்பதில்லை. ஆளின் தொப்பையில் இருந்தாலும் வண்டியின் பைப்பில் இருந்தாலும் ஒரே கூலிதான். ரிம்மிலும் டயரிலும் இருக்கிற எடை மட்டும் கொஞ்சம் விலக்கு. அது முன்னால் போவதோடு சுற்றவும் வேண்டியிருப்பதால், வேகம் பிடிக்கும்போது ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கணக்கில் ஏறும். மற்றபடி கூட்டுத்தொகைதான்.

ஒலிம்பிக் பந்தயத்தைப் பார்த்தாலும் இப்படித்தான் தோன்றும். 2008இல் பெய்ஜிங்கில் பி.எம்.எக்ஸ் பந்தயம் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. எட்டு மீட்டர் உயர மேடையிலிருந்து எட்டுப் பேர் ஒரே நேரத்தில் சரிவில் பாய்வார்கள். உராய்வையும் காற்றையும் பெடலையும் மறந்துவிட்டால், எட்டு மீட்டர் இறங்குகிற எதுவும் அடிவாரத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அது மனிதனாக இருந்தாலும் சரி, பூசணிக்காயாக இருந்தாலும் சரி. காற்றைக் கிழிப்பதில் கனமானவருக்குச் சிறிது சாதகம், மேட்டில் எழும்புவதில் இலேசானவருக்குச் சிறிது சாதகம். 2012இலும் 2016இலும் தங்கம் வென்ற கொலம்பியாவின் மரியானா பஹோன் ஐந்தேகால் அடிக்கும் குறைவான பெண்மணி. அவரைவிட உயரமும் எடையும் கூடிய போட்டியாளர்கள் இருந்தார்கள். வென்றது அவர். எடையை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது.

ஆளின் எடைதான் சர்வ நிச்சயமாக முக்கியம் என்று அடித்துச் சொல்லக்கூடிய இடம் எங்கள் ஊரில் ஒன்று உண்டு. கிரிவலப் பாதையில் இருக்கும் இடுக்குப் பிள்ளையார் கோயில். ஒருக்களித்துப் படுத்து, தோளைச் சுருக்கி, சந்துக்குள் நுழைந்து மறுபக்கம் வரவேண்டும். அங்கே பெருத்தவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் பிள்ளையாரே தொந்தியோடு இருப்பது கொஞ்சம் அநியாயமாகப் படும்.

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான பேர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள். பாதை 14 கிலோமீட்டர். நிறைமாதக் கர்ப்பிணியைப்போல மெல்ல நடக்கவேண்டும் என்பது மரபு. அந்தக் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும் தகப்பன்மார் நிறைய. பாதையோரத்து அக்னி லிங்கம், எம லிங்கம் வரைக்கும் பிள்ளை விழித்திருக்கும். கழுத்தைக் கட்டிக்கொள்ளும், முடியைப் பிடித்துக்கொள்ளும், அப்பா ஒரு பக்கம் சாய்ந்தால் அதுவும் தன்னால் மறுபக்கம் சாயும். நிருதி லிங்கம் தாண்டும்போது தூங்கிப்போகும். அதோடு கனக்க ஆரம்பிக்கும். தராசில் வைத்தால் ஒரு கிராம்கூடக் கூடியிருக்காது. ஆனாலும் தூக்குகிறவருக்குத் தெரியும், தோளில் இருந்த பிள்ளை இப்போது மூட்டையாகிவிட்டது என்று. பிணம் கனம் கனக்கிறது என்று நம் ஜனங்கள் சொல்வதும் இதைத்தான். தன்னைத் தானே கொஞ்சம் தாங்கிக்கொள்கிற எடை ஒன்று, முழுக்க நம்மேல் விழுகிற எடை ஒன்று.

சைக்கிளின் எடை எப்போதும் தூங்குகிற எடை. ஓட்டுகிறவனின் எடை விழித்திருக்கிற எடை. தராசு இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டும். மேடேறும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பி.எம்.எக்ஸில் தெரியும், ஏனென்றால் அந்த விளையாட்டே ஆளும் வண்டியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, ஒன்றை ஒன்று இழுத்து, மறுபடி சேருகிற விளையாட்டு.

அடி அண்ணாமலைப் பக்கம் பாதை ஆளில்லாமல் கிடக்கும் மத்தியான வேளையில், ஏழாம் வகுப்புப் படிக்கிற எங்கள் பக்கத்துத் தெருப் பையன் வேகத்தடைக்கு முன்னால் சைக்கிளைக் குதிக்கவைக்கப் பழகுவான். சாய்தளம் ஏதும் இல்லாமல், ஓடுகிற சைக்கிளை இரண்டு சக்கரமும் தரையைவிட்டு எழும்படி செய்வதற்குப் பன்னி ஹாப் என்று பெயர். முதலில் முழங்காலை மடித்துக் குனிய வேண்டும். அடுத்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, கையை முழுக்க நீட்டி, முன்சக்கரத்தை எழுப்ப வேண்டும். அது எழும்பியதும் பெடலை உதைத்து நிமிர வேண்டும், இடுப்பு ஹேண்டில்பாரை இடிக்கும் அளவுக்கு. அந்தக் கணத்தில் மேலே போவது உடம்புதான். பின்சக்கரம் இன்னும் தரையில் இருக்கும். கடைசியாக ஹேண்டில்பாரை முன்னால் தள்ளி, பாதத்தால் பெடலைப் பின்னோக்கிக் கவ்வி, காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ள, வண்டியின் பின்பக்கம் உடம்பைத் தேடி மேலே வரும். நான்கு காரியமும் ஒரு தும்மல் நேரத்தில் முடிந்துவிடும்.

நாலாவது காரியத்தில்தான் எடைகளின் வழக்கு நடக்கிறது. காற்றில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆள் வண்டியை மேலே இழுத்தால் வண்டி ஆளைக் கீழே இழுக்கும். காலை மடக்கியதில் இரண்டுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 60ஐ எடைகள் தலைகீழ் விகிதத்தில் பங்குபோட்டுக்கொள்ளும். ஆள் 60 கிலோவும் வண்டி 11 கிலோவுமாக இருந்தால், வண்டி 51 சென்டிமீட்டர் மேலே வரும், ஆள் 9 சென்டிமீட்டர் கீழே போவார். இப்போது எங்கள் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் 32 கிலோ. அவனுடைய வண்டி 14 கிலோ. அதே 60இல் வண்டி 42தான் வரும், அவன் 18 இறங்கிவிடுவான். இழுத்தது அதே அளவு. கிடைத்ததில் ஒரு செங்கல் உயரம் குறைச்சல். அதற்கு முன்பாகவே, எம்பும்போது, தன் எடையில் பாதியை ஒட்டிய இரும்பையும் சேர்த்து எம்பியிருக்கிறான் என்பது தனிக் கணக்கு.

இதை இன்னொரு விதமாகச் சொன்னால்தான் பெரியவர்களுக்கு உறைக்கும். 32 கிலோ பையனிடம் 14 கிலோ வண்டி இருப்பது, 60 கிலோ ஆளிடம் 26 கிலோ வண்டி இருப்பதற்குச் சமம். கேரியர், ஸ்டாண்டு, டைனமோ எல்லாம் பூட்டிய பழைய ரோட்ஸ்டர் சைக்கிளே அவ்வளவு வராது. இணையத்தில் வரும் காணொளிகளில் குதிக்கிற இளைஞர் யாரையும் அப்படி ஒரு வண்டியைக் கொடுத்துக் குதிக்கச் சொல்லிப் பாருங்கள்.

எடைகளை ஊகத்தில் சொல்லவில்லை. பழைய இரும்புக்கடையின் பிளாட்பாரத் தராசில் வண்டியையும் அவனையும் தனித்தனியே ஏற்றிப் பார்த்தோம். பையன் முதலில் வண்டியோடு கோபித்துக்கொண்டான். ஃபிரேமில் பி.எம்.எக்ஸ் என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் இருக்கிறது. 20 அங்குலச் சக்கரம். அதோடு மட்கார்டு, கேரியர், செயின் கவர், நடுவில் ஒரு ஷாக் அப்சார்பர், முன்ஃபோர்க்கில் இரண்டு. கூட வந்திருந்த சைக்கிள்கடைக்காரர் ஷாக் அப்சார்பரை அழுத்திப் பார்த்தார், அசையவில்லை.

“ஒரிஜினல் பி.எம்.எக்ஸ்ணா இது,” என்றான் பையன்.

“வண்டி வெயிட்டு இல்லடா, நீதான் லைட்டு,” என்றார் அவர்.

வழக்கில் நான் கேட்ட வாதங்களிலேயே சரியானது இதுதான். வண்டியின் எடை, ஆளின் எடை என்று பிரித்துவைத்து எது பெரிது என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஒன்றுக்கு மற்றது எவ்வளவு என்று கேட்க வேண்டும். வளர்ந்தவனுக்கு வண்டி தன் எடையில் ஆறில் ஒரு பங்கு. அவன் ஒரு கிலோவைப் பற்றிக் கவலைப்படுவது ஆடம்பரம்தான். குழந்தைக்கு அது பாதி. அவனுக்கு ஒவ்வொரு அரைக் கிலோவும் வழக்குதான். சரி, பையன் மூன்று கிலோ ஏறினால் விகிதம் சரியாகிவிடாதா என்றால், ஏறியது தொப்பையா தொடையா என்பதைப் பொறுத்தது.

நம் ஊர்களில் இந்த விகிதத்தின் கொடுமையை அனுபவிக்காத நடுத்தர வயதுக்காரர் இருக்கமாட்டார். குரங்குப் பெடல் என்றால் போதும், கணுக்காலைத் தடவிக்கொள்வார்கள். 28 அங்குலச் சக்கரம், 22 அல்லது 24 அங்குல ஃபிரேம், எடை 20 கிலோவுக்கு மேல். சீட்டில் ஏறினால் கால் எட்டாது. அதனால் பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள் ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு, வண்டியை மறுபக்கம் சாய்த்து மிதிப்பது. ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ என்ற கதையிலிருந்து கமலக்கண்ணன் எடுத்த ‘குரங்கு பெடல்’ படம் 2024இல் வந்தபோது தியேட்டரில் பிள்ளைகளைவிட அப்பாக்கள்தான் அதிகம் சிரித்தார்கள். 25 கிலோ பிள்ளை 20 கிலோ இரும்பை எப்படிச் சமாளித்தது? தன் எடையை வண்டியின் மேலே வைக்க முடியாது என்று தெரிந்ததும் பக்கத்தில் வைத்தது. இரண்டு சாய்வும் நடுவில் எங்கோ சமன்பட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் லட்சம் பிள்ளைகள் கண்டுபிடித்த இயற்பியல் அது. பி.எம்.எக்ஸ் பாடத்தின் முதல் பக்கமும் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1970களில் அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில் பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அங்கே 1963இலேயே ஷ்வின் கம்பெனி ஸ்டிங்ரே என்ற 20 அங்குலச் சக்கர வண்டியைக் கொண்டுவந்துவிட்டது. 1971இல் வந்த ‘ஆன் எனி சன்டே’ என்ற மோட்டார் சைக்கிள் பந்தயப் படத்தின் தொடக்கத்தில் சிறுவர்கள் சைக்கிளில் மோட்டோகிராஸ் என்ற மண்மேட்டுப் பந்தயம் விளையாடும் காட்சி இருக்கிறது. அதைப் பார்த்து ஊரூராகப் பிள்ளைகள் மண்மேடு தேடிப் போனார்கள். பி.எம்.எக்ஸ் பிறந்தது இப்படி. சிறுவர்கள் தங்கள் அளவு வண்டியில் தொடங்கிய விளையாட்டு அது. நம் பிள்ளைகள் அப்பாவின் வண்டியில் தொடங்கினார்கள். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை வந்த பிறகும் வீட்டுக்கு ஒரு வண்டி என்பதே நெடுநாள் கனவுதான். அந்த ஒன்று நெல் மூட்டை தாங்கவேண்டும், பால் கேன் தாங்கவேண்டும், பிரசவத்துக்குப் போகிற பெண்ணையும் தாங்கவேண்டும். அது கனமாக இருந்ததில் தப்பே இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோதுகூட, சிலர் ஆண்கள் வண்டியையே விரும்பினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே.

இப்படிச் சொல்வதால் நம்மிடம் சைக்கிள் வித்தை இல்லை என்று ஆகிவிடாது. ஃப்ரீஸ்டைல் என்று இன்று சொல்வதை நம் கிராமத்து மைதானங்கள் எப்போதோ பார்த்துவிட்டன. திருவிழா முடிந்து அறுவடையும் முடிந்த காலத்தில், ஊருக்கு நடுவே இருக்கும் மந்தைவெளியில் ஒரு கம்பம் நடுவார்கள். ஒலிபெருக்கி, சீரியல் பல்பு, டியூப் லைட். ஓர் ஆள் சைக்கிளில் ஏறி அந்தக் கம்பத்தைச் சுற்றத் தொடங்குவார். மூன்று நாள், ஏழு நாள் என்று அறிவித்துவிட்டு இறங்காமல் சுற்றுவார். சோறு சைக்கிளில், குளியல் சைக்கிளில், சவரம் சைக்கிளில், வேட்டி மாற்றுவதும் சைக்கிளில். பகலெல்லாம் சும்மா சுற்றிக்கொண்டிருப்பவர் விளக்கு வைத்ததும் வித்தையை ஆரம்பிப்பார். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஒற்றைச் சக்கரத்தில் ஒரு சுற்று. ஹேண்டில்பாரில் திரும்பி உட்கார்ந்து பின்னோக்கிப் பார்த்தபடி ஒரு சுற்று. ஓடுகிற வண்டியிலிருந்து சரிந்து, தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டை வாயால் கவ்வி எடுப்பார். இடையிடையே ரெக்கார்ட் டான்ஸ், டியூப் லைட் உடைத்தல், மைக்கில் நன்கொடையாளர் பெயர்கள். சட்டையில் நோட்டைக் குத்திவிட வரிசையில் நிற்பார்கள்.

அந்த ஆள்களை நன்றாக ஞாபகம் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். யாருமே தடியாக இருந்ததில்லை. ஒட்டிய வயிறு, நரம்போடிய முழங்கை. வண்டி மட்டும் ஊரில் எல்லாரும் வைத்திருந்த அதே ரோட்ஸ்டர். ஆனால் அதிலிருந்து கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றியிருப்பார்கள். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, செயின் கவர் இல்லை, பெல்கூட இல்லை. எலும்புக்கூடு மாதிரி ஒரு சைக்கிள். நாலைந்து கிலோவாவது குறைந்திருக்கும். பி.எம்.எக்ஸ் என்ற மூன்று எழுத்தைக் கேட்டிராத அந்த மனிதருக்கு, எந்த எடை வேலை செய்கிறது, எந்த எடை சும்மா கூட வருகிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது. தன் வயிற்றையும் வண்டியின் கேரியரையும் ஒரே கணக்கில்தான் கழித்திருந்தார் என்றாலும், தொடையைக் கழிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பெட்ரோல்.

அவர் நோட்டைக் கவ்வுவதை இன்னொரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். உடம்பு முழுக்க இடப்பக்கம் தரைக்குப் போகிறது. வண்டி வலப்பக்கம் சாய்கிறது. 55 கிலோவும் 17 கிலோவும் ஒரு கண்ணுக்குத் தெரியாத தராசுமுள்ளின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. இங்கே வண்டி மிகவும் இலேசாக இருந்தால் அவருக்குச் சங்கடம். சாய்வதற்கு எதிர்ச்சாய்வு கொடுக்க ஏதாவது கனம் வேண்டும். எனவே இலேசான வண்டியே எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. எந்த வித்தை என்பதைப் பொறுத்தது. குதிப்பவனுக்கு இலேசு வேண்டும். தொங்குகிறவனுக்குக் கொஞ்சம் கனம் வேண்டும்.

டபுள்ஸ் போனவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். சைக்கிளுக்கே உள்ளாட்சி மன்றத்தின் லைசன்ஸ் வில்லை வாங்கவேண்டியிருந்த காலத்தில் டபுள்ஸ் போவது போலீஸ் பிடிக்கிற குற்றம். கேரியரில் 50 கிலோ அரிசி மூட்டையும் ஏற்றியிருக்கிறோம், 50 கிலோ சித்தப்பாவையும் ஏற்றியிருக்கிறோம். சித்தப்பா ஓடிவந்து, வண்டி வேகம் பிடித்தபின் நோகாமல் தாவி உட்காருகிறவராக இருந்தால் மூட்டையைவிட அவரே மேல். வளைவில் நம்மோடு சாய்வார், மேட்டில் குதித்து இறங்கிக்கொள்வார். பயந்த சுபாவக்காரராக இருந்தால் மூட்டையே தேவலை. மூட்டை குறைந்தபட்சம் எதிர்ப்பக்கம் சாயாது.

எங்கள் ஊரில் எடையைப் பற்றிப் பேசிவிட்டு ரமணரை விட்டுவிட முடியாது. சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு 1902 வாக்கில் அவர் எழுதிக்காட்டிய பதில்கள்தான் பின்னால் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. அதில் ரயிலில் ஏறியவன் தன் மூட்டையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்படவேண்டும் என்று ஒரு கேள்வி வரும். எல்லாப் பாரத்தையும் ரயில்தான் தூக்குகிறது, மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இரு என்பது கருத்து. ரயிலுக்கு இது நூற்றுக்கு நூறு. இஞ்சினுக்கு மூட்டை எங்கே இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் சைக்கிளில் பயணியே இஞ்சின். அங்கே மூட்டை கேரியரில் இருப்பதும் முதுகில் இருப்பதும் ஒன்றல்ல. கேரியரில் கட்டிய புத்தகப்பை வண்டியின் எடை, பள்ளத்தில் தொம்மென்று விழும். முதுகில் மாட்டிய பை ஆளின் எடை, முழங்கால் மடங்கும்போது அதுவும் சேர்ந்து மெத்தென்று இறங்கும். தோள் வலிக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் குதிக்க நினைக்கிற பையன் பையை முதுகில்தான் மாட்டவேண்டும். பகவான் கோபித்துக்கொள்ளமாட்டார், அவர் சும்மா இருக்க விரும்புகிறவர்களுக்குச் சொன்னார். இந்தப் பையனுக்கு அந்த வயது வரவில்லை.

வண்டி செய்கிறவர்களும் இந்த வழக்கில் இரண்டு பக்கமும் அலைந்து களைத்தவர்கள்தான். 1990களின் பிற்பகுதியில் ஃப்ரீஸ்டைல் வண்டிகள் 15 கிலோவைத் தாண்டிப் போயின. மாடிப்படிக் கைப்பிடிகளில் சறுக்குகிற மோகம் வந்த காலம், எதுவும் முறியக்கூடாது. தடித்த பைப், சக்கரத்துக்கு 48 கம்பி, அச்சு நுனிகளில் இரும்புக் கட்டைகள், முன்னால் 44 பல் கொண்ட பெரிய பல்சக்கரம். பத்து வருஷத்துக்குள் காற்று திரும்பியது. முன்னால் 44 பல், பின்னால் 16 பல் என்று இருந்ததை 25க்கு 9 என்று சுருக்கினார்கள். மிதியில் அதே விகிதம், இரும்பு பாதி. அச்சு குழலானது, பெடல் பிளாஸ்டிக்கானது, சீட்டு ஒரு சீவல் மாதிரி ஆனது. பத்து கிலோவுக்கும் கீழே போனபோது ஃபிரேம்கள் விரிசல்விட்டன, ஃபோர்க்குகள் வளைந்தன. பிறகு கொஞ்சம் பின்வாங்கி, இப்போது பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே வந்து நிற்கிறார்கள். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு, அதைக் குரோமோலி என்பார்கள், சாதாரண இரும்பைவிட வலுவானது. அதனால் பைப்பின் சுவரை மெலிதாக்கியும் தாக்குப்பிடிக்கிறது. கனமான ஆள் உயரத்திலிருந்து விழும்போது வண்டி வாங்கும் அடி அவருடைய எடையைப் பொறுத்தது என்பதால், இலேசான வண்டி எல்லாருக்கும் ஆகாது. 90 கிலோ ஆள் மெலிந்த ரிம்மில் குதித்தால் கோட்டம் எடுக்கிற செலவே ஒரு மாதச் சம்பளம் ஆகும்.

இந்த வழக்கு நடக்கிற விதத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இலேசு என்பது காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. குரோமோலி வண்டிக்குச் சில பத்தாயிரம் ரூபாய் ஆகும். அதை வாங்கக்கூடியவர் பெரும்பாலும் சம்பாதிக்கிற இளைஞர். எடையிலும் நன்றாக வளர்ந்தவர், வண்டியின் எடை அதிகம் உறுத்தாதவர். உண்மையில் இலேசான வண்டி தேவைப்படுகிறவன் 30 கிலோ பையன். அவனுக்குக் கிடைப்பது கடையில் உள்ளதிலேயே விகிதத்தில் கனமான வண்டி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிப் பிறகு எல்லாருக்குமாக விரிந்தது. அது பள்ளிக்குப் போய்வருவதற்கான வண்டி, அந்த வேலையை அது செய்கிறது. பதினொன்றாம் வகுப்பில் கொடுப்பதால் அந்த வயதுக்கு எடையும் தாங்கும். இடைப்பட்ட ஆறேழு வயதிலிருந்து பதினாலு வரையிலான பிள்ளைகளைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை.

சைக்கிள் கடைக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் வண்டியை விற்பவர் சொல்லும் முதல் சிபாரிசே “நல்ல வெயிட்டு சார், ரோட்ல நிக்கும்” என்பதுதான். அப்பாக்களும் ஒரு கையால் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். பாத்திரக் கடையில் அண்டா வாங்கிய பழக்கம். நான் சொல்வதானால், அப்பா தூக்கிப் பார்க்கக்கூடாது, பிள்ளையைத் தூக்கச் சொல்லவேண்டும். கீழே கிடக்கிற வண்டியை அவன் தனியாக நிமிர்த்தட்டும். முன்சக்கரத்தைத் தன் நெஞ்சுவரைக்கும் தூக்கட்டும். முடியவில்லை என்றால் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். ஷாக் அப்சார்பர் வேண்டவே வேண்டாம். 30 கிலோ பிள்ளைக்காக அசைந்துகொடுக்கிற ஸ்பிரிங்கை இந்த விலை வண்டிகளில் நான் பார்த்ததில்லை.

எங்கள் பையனுக்குப் புது வண்டிக்கு வழியில்லை. கடைக்காரர் இருப்பதையே பிரித்தார். மட்கார்டு இரண்டும் போயின, செயின் கவர் போயிற்று, பக்கவாட்டு ஸ்டாண்டு போயிற்று. முன்ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு, வேறொரு வண்டியிலிருந்து ஸ்பிரிங் இல்லாத சாதா ஃபோர்க் ஒன்றை மாட்டினார். நடுவில் இருந்த ஷாக் அப்சார்பரை எடுத்தால் ஃபிரேம் நிற்காது என்பதால் அது இருந்துவிட்டது. கழித்தது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப்படி பின்சக்கரம் முன்னைவிட மூன்று சென்டிமீட்டர் அதிகம் எழவேண்டும். பையன் தன் கண்ணுக்கு ஒரு அடி தெரிகிறது என்கிறான்.

கேரியரையும் கழற்றப் போனபோதுதான் அவன் அம்மா வந்தார். “கேரியர எடுத்துட்டா சாயந்திரம் பால் கேன எது மேல கட்டுவான்? குதிக்கிறதுக்கா சைக்கிள் வாங்கிக் குடுத்தோம்?” என்று கேட்டார். கடைக்காரர் பதில் பேசவில்லை. நாலு நட்டில் இருந்த கேரியரை இரண்டு நட்டில் நிற்கும்படி மாற்றி, பையன் கையில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கொடுத்தார். விளையாடப் போகும்முன் கழற்றிக்கொள்ளலாம், ஐந்து மணிக்குள் திரும்ப மாட்டிவிடவேண்டும்.